வாசலில் அழகுப் பனையா? குருத்தைக் கவனியுங்கள்!

வில்லியனூர், பாகூர் பக்கம் புது வீட்டு வாசலில் ஒரு ஜோடி 'பாம்' நின்றால் வீட்டுக்கே தனிக் களை. ஆனால், வாங்கும்போது பலரும் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. மாமரத்தில் ஒரு கிளை போனால் இன்னொன்று துளிர்க்கும். ஒற்றைத் தண்டு பாமுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது அழுகினால் மரமே போச்சு!

எது, எங்கே?

மடகாஸ்கரிலிருந்து வந்த அரிக்கா பாம் புதராக வளரும். காம்பவுண்டு ஓரம் மறைப்புக்கு ஏற்றது. மொரீஷியஸ் பக்கத்துக் குட்டித் தீவைச் சேர்ந்த பாட்டில் பாம் மெதுவாக வளரும். சிறிய வாசலுக்குப் போதும். ஆஸ்திரேலியாவின் ஃபாக்ஸ்டெயிலுக்கு நல்ல வெயில் வேண்டும். கியூபாவின் ராயல் பாம் 60 அடியைத் தாண்டும். கனமான மட்டை விழும் என்பதால் கார் ஷெட், மின்கம்பி அருகே வேண்டாம்.

தண்ணீர் தேங்கக் கூடாது

பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம். வயலை மேடாக்கிய மனைகளில் அடியில் களிமண் இருக்கும். தண்ணீர் சீக்கிரம் இறங்காது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழியில் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, சற்று மேடாக்கி நடுவது நல்லது. தண்டின் அடிப்பகுதியை ஆழமாகப் புதைக்கக் கூடாது.

எதிரி எருக்குழியில்!

இலைகள் கத்தரியால் வெட்டியதுபோல 'வி' வடிவில் இருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. தென்னையைத் தாக்கும் அதே வண்டுதான். எருக்குழியில் முட்டையிட்டு, இரவில் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். எருவைக் கிளறி, வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளோடு இரண்டு பங்கு மணல் கலந்து, குருத்தை ஒட்டிய மட்டை இடுக்குகளில் போடலாம்.

காயம் பட்ட தண்டைத் தேடி வருவது சிவப்புக் கூன்வண்டு. நம் பகுதியில் தோன்றி, வளைகுடா நாடுகளின் பேரீச்சைகளையும் ஐரோப்பாவின் அழகுப் பனைகளையும் சாய்த்த பூச்சி இது. பனைகளின் தண்டில் பட்ட காயம் ஆறாது. எனவே சீரியல் லைட் மாட்ட ஆணி அடிக்க வேண்டாம்!

பச்சை மட்டையை வெட்டுவதும் தவறு. சாம்பல் சத்து குறையும்போது, பழைய மட்டையிலிருந்துதான் மரம் அதை எடுத்துக்கொள்கிறது. முழுதாகக் காய்ந்ததை மட்டும் அகற்றினால் போதும்.

நர்சரியில் இலைகளை எண்ணுவதைவிட நடுக்குருத்தை மெதுவாக இழுத்துப் பார்ப்பது முக்கியம். உறுதியாக நின்றால் வாங்கலாம். கையோடு வந்து, அழுகல் வாடை அடித்தால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்!