பழைய மகிழுந்தில் ஒலித்தொகுதி மேம்படுத்தல்

பழைய மகிழுந்தில் ஒலித்தொகுதி மேம்படுத்தல் என்பது, பல ஆண்டுகள் ஓடிய மகிழுந்தில் உள்ள வானொலி அல்லது ஒலிநாடா இயக்கியை நீக்கிப் புதிய இயக்கி, ஒலிபெருக்கிகள், தேவையெனில் தனி மிகைப்பி ஆகியவற்றைப் பொருத்தும் பணியாகும். வழக்கில் இது "செட் மாற்றுதல்" எனப்படும். ஒரு பெட்டியைக் கழற்றி மற்றொன்றை மாட்டும் எளிய வேலையாகத் தோன்றினாலும், இப்பணியின் பெரும்பகுதி பழைய மின்கம்பிகளைச் சார்ந்தது. புதிய கருவி எரிந்துபோவதற்கும் வண்டியே தீப்பற்றுவதற்கும் காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்.

பின்னணி

அமெரிக்காவின் கால்வின் நிறுவனம் 1930இல் மோட்டரோலா என்ற பெயரில் மகிழுந்து வானொலியை விற்கத் தொடங்கியது. பிலிப்சு நிறுவனம் 1963இல் ஒலிநாடாப் பேழையை அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் அம்பாசடர், பிரீமியர் பத்மினி, 1983இல் வந்த மாருதி 800 ஆகியவற்றில் ஒலித்தொகுதி பெரும்பாலும் வண்டி வாங்கிய பின்னரே கடைகளில் பொருத்தப்பட்டது. எனவே இவ்வண்டிகளின் ஒலிக் கம்பிகள் எந்த ஆலை வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை. பொருத்தியவரின் பழக்கமே வரைபடம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் பொத்தேரியை ஒட்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை இத்தகைய வண்டிகளுக்குப் பழகிய தடம். அருகிலுள்ள மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உருவான ஐக்கான் மகிழுந்து 1999இல் விற்பனைக்கு வந்தது. அந்த ஆலையில் மகிழுந்து உற்பத்தி 2022இல் நிறுத்தப்பட்டது. இப்பகுதியினர் உதிரிப்பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டையையும், அலங்காரப் பொருள்களுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையையும் நாடலாம்.

அளவும் இணைப்பிகளும்

இயக்கியின் முகப்பு அளவை ஐ.எஸ்.ஓ. 7736 என்னும் தரம் வரையறுக்கிறது. அது 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. இரட்டை உயர வகையில் உயரம் 100 மில்லிமீட்டர். இரு குமிழ்களுக்குத் துளையிட்ட பழைய முகப்புப் பலகையில் இது அமையாது. பலகையை வெட்டுவதை விட அடியில் தனித் தாங்கி அமைப்பது நல்லது. வெட்டியதை மீண்டும் ஒட்ட இயலாது. மின் இணைப்பிக்கு ஐ.எஸ்.ஓ. 10487 தரம் உண்டு. எனினும் ஃபோர்டு, தொயோட்டா போன்ற நிறுவனங்கள் தத்தம் இணைப்பிகளையே பயன்படுத்தியதால், கம்பிகளை அறுக்காமல் மாற்று இணைப்பிவடம் வாங்குவதே முறை.

புவி இணைப்பு

பழைய வானொலிகள் பலவற்றில் ஒலிபெருக்கியின் ஒரு முனை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். உடலே திரும்பும் கம்பியாகச் செயற்படும். இன்றைய இயக்கிகளின் வெளியீடு பாலச் சுற்று வகையைச் சார்ந்தது. இதில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் தனித்தனி மிகைப்பிகளால் இயக்கப்படுகின்றன. எந்த முனையும் உடலைத் தொடக்கூடாது. பழைய கம்பியை அப்படியே புதிய இயக்கியில் இணைத்தால் வெளியீட்டுச் சில்லு பழுதடையும். ஆகவே ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் புதிதாக இரு கம்பிகள் இழுப்பதே பாதுகாப்பானது.

மற்றொரு சிக்கல் இன்னும் பழமையானது. 1960கள் வரை பிரித்தானிய மகிழுந்துகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. அம்பாசடரின் மூலவடிவமான மாரிசு ஆக்சுபோர்டும் அவ்வகையே. இன்றைய கருவிகள் யாவும் எதிர்முனைப் புவிக்கே உரியவை. எனவே மிகப் பழைய வண்டியில் முதல் வேலை, மின்கலத்தின் எந்த முனை உடலைத் தொடுகிறது என்று பார்ப்பதாகும். மாமல்லபுரம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் புவிமுனைகள் துருப்பிடிப்பதால், அவற்றைச் சுரண்டித் தூய்மை செய்வதும் தேவை.

திறன்

பெட்டியின் மேல் "50 வாட்டு × 4" என்று அச்சிடப்பட்டிருக்கும். 14.4 வோல்ட்டில், 4 ஓம் ஒலிபெருக்கியில், பாலச் சுற்று தரக்கூடிய சீரான சைன் அலைத் திறன் 14.4² ÷ 8, அதாவது ஏறக்குறைய 26 வாட்டு. அலை முழுதும் சிதைந்து சதுரமாகும்போதே 14.4² ÷ 4, ஏறக்குறைய 52 வாட்டு கிடைக்கும். விளம்பர எண் இந்தச் சிதைந்த ஒலியின் எண்ணே. இழப்புகள் போக, தெளிவான ஒலி 20 வாட்டு அளவிலேயே நிற்கும்.

எனவே பணம் குறைவாயின் ஒலிபெருக்கியை முதலில் மாற்றுவதே தகும். உணர்திறன் 3 டெசிபெல் கூடிய ஒலிபெருக்கி, மிகைப்பியின் திறனை இரட்டிப்பாக்கியதற்கு ஒப்பாகும். பழையவற்றின் விளிம்பு நுரை வெயிலிலும் ஈரத்திலும் உதிர்ந்திருக்கும். கதவின் உட்புறத் துளைகளை அடைத்தால், பின்புற அலை முன்புற அலையை அழிப்பது குறைந்து தாழ்சுருதி ஓங்கும். செலவு குறைந்த இவ்வேலையைக் கடைகள் பெரும்பாலும் செய்வதில்லை.

தனி மிகைப்பி வேண்டுவோர் மின்னாக்கியையும் கணக்கிட வேண்டும். மொத்தம் 200 வாட்டு தரும், 60 விழுக்காடு பயனுறுதிறன் கொண்ட மிகைப்பி முழு அளவில் இயங்கினால் 13.8 வோல்ட்டில் 24 ஆம்பியர் இழுக்கும். பழைய டைனமோக்களின் மொத்த வெளியீடே ஏறக்குறைய 20 ஆம்பியர். இசையின் சராசரி இதைவிடக் குறைவு என்பதால் சிலகாலம் ஓடும்; இரவில் முகப்பு விளக்குடன் நெரிசலில் நிற்கும்போது மின்கலம் வற்றும்.

இரைச்சலும் அலைவாங்கியும்

பொறியின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை, இயக்கியும் மிகைப்பியும் வெவ்வேறு இடங்களில் புவி இணைக்கப்பட்டதன் அடையாளம். காட்டாங்குளத்தூர் எசு.ஆர்.எம். பல்கலைக்கழக வளாகத்தின் முத்துச்சரம் போன்ற சமூக வானொலிகளுக்கு 100 வாட்டு அளவிலான கதிர்வீச்சுத் திறனே அனுமதிக்கப்படுவதால், துருவேறிய அலைவாங்கியில் அவை எட்டா. மத்திய அலை கேட்போருக்கு, சாலையை ஒட்டிய புறநகர் இருப்புப்பாதையின் மின்கம்பித் தீப்பொறியும் இடையூறாகும். இதற்கு வண்டியில் தீர்வு இல்லை.

உருகி

வழக்கில் "பியூஸ்" எனப்படும் உருகி கருவியைக் காப்பதற்கு மட்டுமன்று, முதன்மையாகக் கம்பியைக் காப்பதற்கே உரியது. ஆகவே மிகைப்பிக்குச் செல்லும் தடித்த கம்பியில் அது மின்கலத்திற்கு மிக அருகில் இருத்தல் வேண்டும். மிகைப்பியின் பக்கம் வைத்தால், இடையில் கம்பி உராய்ந்து உடலைத் தொடும்போது எதுவும் மின்னோட்டத்தைத் தடுக்காது. அடிக்கம்பளத்தின் கீழ் கம்பி பழுக்கக் காயும்.

இயக்கியின் நினைவகக் கம்பிக்கு எப்போதும் மின்சாரம் தேவை. அது 20 மில்லி ஆம்பியர் இழுத்தால் 30 நாள்களில் 14.4 ஆம்பியர் மணி செலவாகும். 35 ஆம்பியர் மணி கொண்ட சிறு மின்கலத்தில் இது ஐந்தில் இரு பங்கு. விடுமுறைக்கு வண்டியை நிறுத்திச் செல்வோர் எதிர்முனையைக் கழற்றி வைப்பர்.