மேப்பிளை வீட்டுக்குள் வைக்காதீர்கள்

மேப்பிள் போன்சாயைப் படத்தில் பார்த்தவுடன் வரும் முதல் சந்தேகம், 'இது குட்டை ரக மரமா?' என்பதுதான். இல்லை. தரையில் நட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டி வளரும் அதே மரம்தான் இது. தொட்டியும் கத்தரியும்தான் அதைச் சிறிதாக வைத்திருக்கின்றன.

எந்த மேப்பிளை வாங்குவது? போன்சாய்க்காரர்கள் அதிகம் கையாள்வது இரண்டு. ஒன்று, விரித்த உள்ளங்கை போல இலை உள்ள ஜப்பானிய மேப்பிள். இன்னொன்று, இலைக்கு மூன்று நுனி உள்ள திரிசூல மேப்பிள். இதன் பூர்வீகம் சீனா. புதியவர்களுக்கு நான் சொல்வது திரிசூலத்தைத்தான். தப்பான இடத்தில் வெட்டினாலும் துளிர்த்துவிடும்.

அழகான பொருள், வரவேற்பறையில் வைத்தால் என்ன? அங்கேதான் பெரும்பாலான மேப்பிள்கள் சாகின்றன. இது இலை உதிர்க்கும் மரம். குளிர்காலத்தில் இரண்டு மூன்று மாதமாவது குளிரில் உறங்க வேண்டும். உறக்கம் கெட்டால் ஓரிரு வருடத்தில் மெலிந்து போய்விடும். வருடம் முழுக்க இடம் வெளியேதான்.

அப்படியானால் சென்னையில் வளர்க்கலாமா? ஆசைப்படாதீர்கள். அங்கே மரம் உறங்க வழியே இல்லை. ஆல், இச்சி, புளி ஆகியவற்றில் நல்ல போன்சாய் செய்யலாம். லண்டனில் இருக்கிறீர்களா, தாராளமாக வளர்க்கலாம். டொரொன்டோவில் சிக்கல் நேர்மாறானது: அந்தக் கடுங்குளிரில் தொட்டியில் இருக்கும் வேர் உறைந்து செத்துவிடும். பனிக்காலத்தில் சூடேற்றாத கராஜுக்குள் நகர்த்துங்கள். மண் அடியோடு காயாமல் அவ்வப்போது பாருங்கள்.

அடிமரம் பருக்க எத்தனை வருடம்? தொட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் அநேகமாகப் பருக்கவே பருக்காது. தரையில் நட்டு, சில வருடம் இஷ்டத்துக்கு வளரவிட வேண்டும். பிறகு தாழ வெட்டி, புதுக் கிளையைத் தலையாக்கி, மறுபடி வளரவிட வேண்டும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கீழே பருத்து மேலே ஒடுங்கும் தண்டு கிடைக்கும். தட்டையான தொட்டிக்கு மாறுவது கடைசியில்தான்.

மண் மாற்றுவது எப்போது? குளிர்காலம் முடிந்து, மொட்டு உப்பி, இன்னும் விரியாத நாட்களில். இளமரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போதும். நேர் கீழே இறங்கும் வேர்களை வெட்டுங்கள், பக்கவாட்டில் ஓடுபவற்றைக் காப்பாற்றுங்கள். அவைதான் பின்னாளில் நெபாரி (மண்மேல் தெரியும் வேர்விரிப்பு) ஆகும். சாதாரணத் தோட்ட மண் இறுகிவிடும். ஜப்பானியர்கள் அகடாமா (குருணை வடிவக் களிமண்) போடுகிறார்கள். எதைப் போட்டாலும் முதலில் சலித்துத் தூசியை நீக்குங்கள்.

இனி வடிவம். மேப்பிளில் இலையும் மொட்டும் எதிரெதிரே ஜோடியாக வரும். ஒரே கணுவில் மூன்று நான்கு கிளைகளை விட்டுவைத்தால் அந்த இடம் முடிச்சு போல வீங்கி அசிங்கமாகும். இரண்டை மட்டும் விட்டு மற்றதை வெட்டுங்கள். வசந்தத்தில் முதல் ஜோடி இலை விரியும்போது நடுவே எட்டிப் பார்க்கும் மெல்லிய குருத்தைக் கிள்ளிவிடுங்கள். கணுக்கள் நெருங்கி, கிளை நுணுக்கமாகும். வளர்ந்து முடிந்த மரத்துக்குத்தான் இந்தக் கிள்ளல். தண்டு பருக்க வேண்டிய கன்றைக் கிள்ளாதீர்கள்.

கம்பி சுற்றலாமா? அலுமினியக் கம்பியைச் சுற்றலாம், ஆனால் இந்த மரத்தின் பட்டை மெல்லியது. வளரும் பருவத்தில் சில வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதிந்துவிடும், தழும்பு பல வருடம் போகாது. வாரம் ஒருமுறை பாருங்கள். கம்பியை முறுக்கிப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுங்கள்.

கோடையில் இலை ஓரம் கருகினால் நோய் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் உச்சி வெயிலும் காய்ந்த காற்றும்தான் காரணம். மதியத்தில் நிழல், தேவைப்பட்டால் இரண்டு வேளை தண்ணீர்.

நல்ல மரங்களை எங்கே பார்ப்பது? ஜப்பானில் 1923-இல் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோ போன்சாய்க்காரர்கள் சிலர் சைத்தாமா பகுதியிலுள்ள ஓமியாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் போன்சாய் கிராமம் இன்றும் இருக்கிறது. பக்கத்தில் 2010-இல் ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். போனால் இலை சிவக்கும் நவம்பரில் போங்கள்.

கடைசியாக ஒன்று. மரத்தை வாங்கி வந்த முதல் வருடம் கத்தரியை எடுக்காதீர்கள். தண்ணீர் மட்டும் ஊற்றி, எந்தக் கிளை எந்த மாதம் துளிர்க்கிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள்.