லேபர்: எத்தனையா, எவ்வளவா?

ஓசூர் சிப்காட் பக்கம் தொழிற்சாலை வாசல்களில் தொங்கும் ஆங்கில அறிவிப்புகளில் ஒரு ‘எஸ்’ கூடுதலாக வந்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். எக்விப்மெண்ட்ஸ், மெஷினரீஸ், ஃபர்னிச்சர்ஸ், லேபர்ஸ். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் இவற்றைப் ‘பொதுவான தவறுகள்’ என்று பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். ஏன் தவறு என்பதைச் சொல்வதில்லை. மாலை நேரங்களில் ஐ.டி.ஐ. முடித்த பையன்களுக்கு இலக்கணம் சொல்லித்தருகிற தமிழ் எம்.ஏ.க்காரன் நான். இந்த எஸ்ஸைச் சிவப்பு மையில் அடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இரண்டு மொழிகளின் உலகப்பார்வையும் ஒரு தொழில் உறவும் அந்த ஓரெழுத்தில் மோதிக்கொள்கின்றன.

ஆங்கிலம் பெயர்ச்சொற்களை இரண்டாகப் பிரிக்கிறது. எண்ணக்கூடியவற்றுக்கு முன்னால் எண் வரும், ‘மெனி’ வரும். பின்னால் எஸ் வரும். எண்ண இயலாதவற்றுக்கு எஸ் கிடையாது, எண் நேராக ஒட்டாது, ‘மச்’தான். டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் இந்த இரண்டாம் வகையைத் திரள்சொல் என்ற பொருளில் குறிப்பிடுகிறார். பாடப்புத்தகம் தரும் உதாரணம் எப்போதும் தண்ணீர், பால், மணல். ஆகவே இந்தப் பிரிவினை ஏதோ இயற்கையிலேயே இருப்பதுபோலத் தோன்றிவிடுகிறது. ஆனால் மெஷினை எண்ணலாம், மெஷினரியை எண்ணக்கூடாது. ஷெட்டில் நிற்பது என்னவோ அதே லேத்துதான். ஜாபை எண்ணலாம், ஒர்க்கை எண்ணக்கூடாது. (லேத்தில் மாட்டுகிற இரும்புத் துண்டுக்கும் இங்கே ஜாப் என்றுதான் பேர்.) ஸ்பானிய மொழிக்காரர் இங்கிலீஷ் கற்கும்போதும் ஃபர்னிச்சர், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் மூன்றிலும் நம்மைப் போலவே எஸ் போடுகிறார். அவர் மொழியில் அவையெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணத்தக்கவை. எண்ணத்தக்க தன்மை பொருளில் இல்லை. மொழி தருவது அது.

தமிழில் இந்தப் பாகுபாடே இல்லையா என்றால், இருக்கிறது. பால் எவ்வளவு, மாடு எத்தனை. கன்னடத்தில் இரண்டுக்கும் ‘எஷ்டு’ போதும். தெலுங்கில் மூன்று: அளவுக்கு ‘எந்த’, பொருள்களின் எண்ணிக்கைக்கு ‘என்னி’, மனிதர்களுக்கென்றே ‘எந்தமந்தி’. மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர் இது. குழாயில் தண்ணீர் வந்தால் தமிழ் வீட்டிலும் கன்னட வீட்டிலும் அது ஒருமை. தெலுங்கு வீட்டில் ‘நீள்ளு வச்சாயி’. அங்கே தண்ணீர் பன்மை, பாலும் பன்மை. ஒரே பைப்பு, ஒரே தண்ணி.

தமிழ் அழுத்திக் கோடு போடுவது வேறோர் இடத்தில். அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ கட்டாயமில்லை என்பதைத் தொல்காப்பியம் தொட்டே இலக்கணம் ஏற்றிருக்கிறது. நன்னூல் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. ‘பத்து மெஷின்’ என்றாலே பன்மைதான். மனிதர் என்றால் எண்ணே மாறிவிடும்: இருவர், மூவர், பேச்சில் ரெண்டு பேர், மூணு பேர். ஆங்கிலம் தனிக்கும் திரளுக்கும் நடுவே போடுகிற கோட்டைத் தமிழ் மனிதருக்கும் மற்றவற்றுக்கும் நடுவே போடுகிறது.

இப்போது அந்தத் தவறைப் பாருங்கள். கண்ணெதிரே நாலு சாமான் தெரிகிறது. எத்தனை என்று கேட்கிறோம். எத்தனை என்றால் இங்கிலீஷில் எஸ். தர்க்கம் சரியாகவே இருக்கிறது. பையன்களிடம் நான் சொல்வது: பொருளைப் பார்க்காதே, சொல்லைப் பார். ஃபர்னிச்சர், லக்கேஜ், மெஷினரி, எக்விப்மெண்ட் என்று பலவற்றைச் சேர்த்துக் கட்டிய மூட்டைப் பெயர்கள் பலவும் ஆங்கிலத்தில் திரள்கள். மூட்டைக்குள் இருக்கிற சேர், பேக், மெஷின் எண்ணக்கூடியவை. மூட்டையையே எண்ணியாக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப்’ போட்டுக்கொள்.

இந்த விதி ஃபர்னிச்சரோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். லேபர், மேன்பவர் இரண்டும் ஆங்கிலத்தில் திரள்சொற்கள். எண்ண வேண்டுமானால் பாத்திரம் வேண்டும். பாலுக்கு லிட்டர்; லேபருக்கு மேன்-டே, மேன்-அவர். ஒரு ஷிப்டுக்கு 400 மேன்-அவர் என்று எழுதினால், அது 50 பேருடைய எட்டு மணி நேரமா, 40 பேருடைய பத்து மணி நேரமா என்று வாக்கியத்தில் தெரியாது. பத்துப் பேர் குறைந்ததும், மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்றதும் இலக்கணத்துக்குள்ளேயே மறைந்துபோகின்றன.

எண்ணக்கூடியதைத் திரளாக்குகிற கற்பனைக் கருவி ஒன்றைத் தத்துவவாதிகள் வைத்திருக்கிறார்கள். 1970களில் பெல்லெட்டியர் எழுதியது: எதையும் அரைக்கிற எந்திரம். எதை உள்ளே போட்டாலும் மறுபக்கம் திரளாக வரும், பெயரும் திரள்சொல்லாகிவிடும். கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைக் கற்பனை பண்ண வேண்டியதில்லை. பெங்களூரா மாங்காய் மரத்தில் எண்ணிக்கை, லாரியில் டன், ஆலையில் மாங்கூழ். டின்னில் அடைத்த பிறகு எந்த மரத்துக் காய் என்று கேட்க முடியாது. ‘மூலதனம்’ முதல் அத்தியாயத்தில், தச்சர் உழைப்பு நெசவாளர் உழைப்பு என்ற வேறுபாடெல்லாம் கரைந்து மிஞ்சுகிற அருவமான உழைப்புக்கு மார்க்ஸ் ஜெர்மனில் கையாண்ட சொல்லும் ஜெல்லி போன்ற ஒரு கெட்டிக் கூழைக் குறிப்பதுதான். ‘லேபர்ஸ்’ என்று எழுதுகிற சூபர்வைசர் தன்னையறியாமல் அந்தக் கூழிலிருந்து ஆட்களை வெளியே எடுக்கிறார். இங்கே லேபர் என்றால் உழைப்பு அல்ல, உழைக்கிறவர்.

இதை வைத்துத் தமிழுக்கு மாலை போடவும் தயாரில்லை. ‘பத்து லேபர் வந்திருக்கு’ என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறாரே, அந்த ‘வந்திருக்கு’ அஃறிணை முடிவு. பண்ணையாளைப் பற்றி ‘அது எங்க போச்சு’ என்று கேட்ட மொழிதானே நம்முடையது. திணையைத் தீர்மானிப்பதில் சாதிக்கு இருந்த பங்கை எந்த இலக்கண நூலும் சூத்திரமாக எழுதவில்லை.

ஒருவர் எண்ணிக்கையில் வருகிறாரா என்பதைப் பொறுத்தே சட்டமும் அவரைத் தொடுகிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 தொழிலாளர் இருந்தால் பொருந்தும் என்றது. 1979இன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்துக்கு ஐந்து பேர் போதும். 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு முதலாவதை 50 ஆகவும் இரண்டாவதைப் பத்தாகவும் உயர்த்திவிட்டது. 49 பேரை வைத்திருக்கும் ஒப்பந்தக்காரருக்கு இனி அந்த லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆங்கில வாசகத்தையும் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தில் இருபது என்ற எண்ணுக்குப் பின்னால் வந்தது ஒர்க்மென், எண்ணக்கூடிய சொல், பன்மையில். புதியதில் ஐம்பதுக்குப் பின்னால் வருவது கான்ட்ராக்ட் லேபர், எஸ் இல்லாமல். எண் ஒட்டக்கூடாத சொல்லில் எண்ணை ஒட்டியிருக்கிறார்கள். நம்மூர் வாசல் போர்டு எழுதியவரிடம் கொடுத்திருந்தால் அவர் ஒரு எஸ்ஸாவது போட்டிருப்பார்.