உஷார்! பானெட்டுக்குள் உரசும் வயர்

மேலே படிப்பதற்கு முன் பீரோவைத் திறந்து உங்கள் வண்டியின் ஆர்.சி.யை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேஸிஸ் நம்பர் என்று எழுத்தும் எண்ணும் கலந்து 17 இலக்கத்தில் ஒன்று இருக்கும். இன்றைக்கு அதற்கு வேலை இருக்கிறது.

2023 ஆகஸ்டில் மஹிந்திரா நிறுவனம் 1,08,306 எக்ஸ்யூவி700 கார்களைச் சோதனைக்குத் திரும்ப அழைத்தது. இதைத்தான் ரீகால் என்கிறார்கள். 2021 ஜூன் 8 முதல் 2023 ஜூன் 28 வரை தயாரானவை அவை. என்ஜின் பகுதியில் வயரிங் போகிற பாதையில் உரசி உரசி வயர் வெட்டுப்படக்கூடும் என்பது காரணம். சோதனை, ரிப்பேர் எல்லாம் இலவசம், உரிமையாளர்களை நாங்களே தனித்தனியாகத் தொடர்புகொள்வோம் என்று அறிவித்தார்கள்.

என் பயமே அங்கேதான் இருக்கிறது. கம்பெனி கையில் பெரும்பாலும் இருப்பது, ஷோரூமில் முதலில் வாங்கியவர் அன்றைக்குக் கொடுத்த போன் நம்பர். கார் கை மாறியிருந்தால்? நம்பரை மாற்றியிருந்தால்? தெரியாத நம்பர், லோன் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கட் பண்ணியிருந்தால்? கம்பெனியைப் பொறுத்தவரை கூப்பிட்டாகிவிட்டது. உங்களுக்கோ செய்தியே வரவில்லை. வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தயவுசெய்து இருந்துவிடாதீர்கள். வயர் உரசும்போது சத்தம் வராது, டேஷ்போர்டில் விளக்கும் எரியாது.

எங்கள் தெருவில் ஒருவர் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினார். மழை நாளில் ஒரு பக்கத்து ஹெட்லைட் மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. பிறகு ஃபியூஸ் போனது. வழியில் ஒரு கடையில் 10 ஆம்பியர் ஃபியூஸ் இல்லையென்று 20 ஆம்பியரைச் செருகி அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, ஏசி போட்டால் பிளாஸ்டிக் கருகும் வாசனை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தபோது நானும் கூட நின்றேன். “சார், இந்த இடத்தைப் பாருங்க” என்று விரலை வைத்துக் காட்டினார். வயர் கட்டைச் சுற்றியிருந்த கறுப்பு வரிக் குழாய், பேட்டரி தாங்கியின் இரும்பு விளிம்பில் பட்டுப் பட்டு முதலில் பளபளப்பாகியிருந்தது. அரை அங்குலம் தள்ளி அதுவும் தேய்ந்து ஓட்டை. உள்ளே சிவப்பு வயரின் தோல் நகக்கண் அளவுக்குப் போய், செம்பு பச்சை பூத்திருந்தது. கட்டைப் பிடித்துவைக்க வேண்டிய கிளிப் எப்போதோ உடைந்திருக்கிறது. அவ்வளவுதான், ஒரு கிளிப்! சேஸிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேட்டபோதுதான், அந்த வண்டிக்கு ரீகால் சோதனை ஒன்று செய்யப்படாமலே நிலுவையில் இருப்பது தெரிந்தது. பழைய ஓனருக்குத் தகவல் போயிருக்கிறது. இவருக்கு வரவில்லை.

பன்னிரண்டு வோல்ட்தானே, அதில் என்ன ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் காரின் இரும்பு உடம்பு முழுவதும் பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்தது. தோல் உரிந்த பாசிட்டிவ் வயர் அதில் எங்கே பட்டாலும் ஷார்ட். சாதாரண கார் பேட்டரி அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். வயர் சிவக்கச் சூடாகிப் பக்கத்து வயர்களின் தோலையும் உருக்கிவிடும். ஃபியூஸ் காப்பாற்றும், சரியான அளவில் இருந்தால். கனெக்டர் தளர்ந்து இணைப்பு சூடாகும்போது ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் அளவு மீறுவதில்லை. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகிற தடித்த கேபிளுக்குப் பல வண்டிகளில் ஃபியூஸே கிடையாது.

சாவியை எடுத்துவிட்டால் பயமில்லை என்பதும் தவறு. என்ஜினை அணைத்த பிறகும் சில வயர்களில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். 2023 செப்டம்பரில் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து ஏறக்குறைய 34 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, ரிப்பேர் ஆகும்வரை வீட்டை ஒட்டி நிறுத்தாதீர்கள், வெட்டவெளியில் நிறுத்துங்கள் என்றே சொன்னார்கள். பிரேக் அமைப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் திரவம் கசிந்து ஷார்ட் ஆகி, சும்மா நிற்கும் வண்டியிலும் தீப்பிடிக்கலாம் என்பதால். அடுக்குமாடியில் தரைத்தளத்தில் வரிசையாக நிறுத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நம் வண்டி எரிந்தால் நம் வண்டியோடு நிற்காது.

டூ வீலர்காரர்களும் நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்ட் 2021 மே மாதம் 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. மீட்டியோர், கிளாசிக், புல்லட். 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரானவை. இக்னிஷன் காயிலில் குறை. என்ஜின் விட்டு விட்டு ஓடலாம், அபூர்வமாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்றார்கள். பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளுக்கே பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலை, தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. ஆக்சிஜன் தேடி அலைந்தவர்கள் கண்ணில் இக்னிஷன் காயில் பட்டிருக்குமா? அந்த வரிசை பைக்குகள் இன்று இரண்டாம், மூன்றாம் கைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களுடையது அந்த மாதங்களில் தயாரானது என்றால் நாளைக்கே கேளுங்கள்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் இரவில் எரிந்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அடுத்த மாதம் ஒகினாவா நிறுவனம் தன் பிரெய்ஸ் புரோ ஸ்கூட்டர்களில் 3,215-ஐத் திரும்ப அழைத்தது. பேட்டரியில் கனெக்டர் தளர்ந்திருக்கிறதா, வேறு சேதம் உண்டா என்று பார்ப்பதற்காக.

இப்போது அந்த சேஸிஸ் நம்பர். கம்பெனியின் இணையதளத்தில் ரீகால் பகுதியில் அதைப் போட்டுப் பாருங்கள். அல்லது அங்கீகரிக்கப்பட்ட எந்த சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து, “இந்த நம்பருக்கு ரீகால் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?” என்று கேளுங்கள். வாங்கிய ஊரிலேயே கேட்க வேண்டும் என்பதில்லை. ‘இருக்கிறது’ என்றால் அன்றே தேதி வாங்கிவிடுங்கள். காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வாரண்டி முடிந்துவிட்டது என்று சொன்னால், ரீகாலுக்கும் வாரண்டிக்கும் சம்பந்தமில்லை என்று நிமிர்ந்து சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஜாப் கார்டில் ரீகால் வேலை என்று எழுதி வாங்குங்கள். எதைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்று பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லவும் கூச்சப்படாதீர்கள்.

தேதி கிடைக்கும்வரை தெரு முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டேப் சூட்டில் பசை விட்டு உரிந்துவரும், உரசுகிற விளிம்பு அங்கேயேதான் இருக்கும். கூடுதல் ஹாரன், கலர் லைட் போட வயரை நடுவில் வெட்டி இணைத்திருந்தால் அதையும் கழற்றச் சொல்லுங்கள். 60 வாட் பல்ப் இருந்த இடத்தில் 100 வாட் பல்ப் போட்டால், 5 ஆம்பியர் போன வயரில் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது தகராறு வருவதும் இந்த இடத்தில்தான்.

சாதாரணமாகக் கேட்டும் கம்பெனி கண்டுகொள்ளவில்லையா? 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் ரீகால் விதிகளின்படி, தயாராகி ஏழு வருடத்துக்குள் இருக்கும் வண்டிகளின் பாதுகாப்புக் குறையை ‘வாகன்’ தளத்தில் அரசிடம் புகாராகப் பதியலாம். அரசு உத்தரவிட்டு வண்டிகளைத் திரும்ப அழைக்க வைக்க முடியும். அபராதம் 10 லட்சத்திலிருந்து 1 கோடி ரூபாய் வரை போகும்.

ஓடும்போதே கருகல் வாசனையோ புகையோ வந்தால் ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லோரையும் உடனே இறக்குங்கள். பைகளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள். வயர் எரிந்தால் கதவுப் பூட்டும் கண்ணாடியும் வேலை செய்யாமல் போகலாம், அதனால் தாமதம் கூடாது. பானெட்டை முழுதாகத் தூக்காதீர்கள், காற்றுப் புகுந்தால் தீ முகத்தில் அடிக்கும். தள்ளி நின்று 101 அல்லது 112-ஐக் கூப்பிடுங்கள்.

வண்டியை விற்றுவிட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரீகால் மெசேஜ் இன்னும் உங்கள் போனுக்குத்தான் வரும். நம்மிடம்தான் வண்டி இல்லையே என்று அழித்துவிடாதீர்கள். வாங்கியவர் நம்பர் இருந்தால் அவருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் விற்றுக்கொடுத்த புரோக்கரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள்.