ஓர் அங்குல உயரத்தில் மூன்று மனிதர்

வெளிநாட்டிலிருந்து வந்த உங்கள் தம்பி மருமகனுக்கென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கிறார். பெட்டியின் மூடியில் புகையும் நெருப்புமாக ஒரு குண்டுவீச்சு விமானத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டியபடி ஏராளமான சிறு துண்டுகள். மகன் துள்ளிக் குதிக்கிறான். உங்கள் மனமோ சுணங்குகிறது. யுத்தத்தால் இவ்வளவு பட்ட நாட்டில், வீட்டுக்குள்ளும் ஒரு யுத்தச் சாமானா?

சகோதரியே, உங்கள் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தப் பெட்டியை அலுமாரியின் மேல் தூக்கி வைப்பதற்கு முன் சற்று யோசியுங்கள். விளையாட்டுத் துப்பாக்கி வேறு, மாதிரி விமானம் வேறு. துப்பாக்கியை வாங்கிய கையோடு "டுமீல்" என்று சுடலாம். மாதிரி விமானத்தையோ, வாரக்கணக்கில் குனிந்திருந்து, உண்மையான விமானம் எப்படி இருந்ததென்று விசாரித்து விசாரித்துச் செய்ய வேண்டும். அந்த விசாரணையில்தான் பாடம் இருக்கிறது.

உதாரணத்துக்கு, 'பிரிஸ்டல் பிளென்ஹைம்' என்ற பிரித்தானிய விமானத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு இயந்திரங்கள் கொண்ட இந்த விமானம் 1937இல் சேவைக்கு வந்தது. இதன் நான்காம் வகைக்கு நம் நாட்டுடன் ஒரு தொடர்பும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெட்டியில் 1/72 என்று போட்டிருக்கும். உண்மையான விமானத்தின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது அதன் பொருள். ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே ஆறடி மனிதர் ஒருவர் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலமாகிவிடுவார். ஐம்பத்தாறு அடிக்கு மேல் நீண்ட சிறகுகள் ஒன்பதரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கை மகனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் சட்டங்களை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. துண்டுகளைக் கையால் முறுக்கிப் பிய்க்க வேண்டாம். நகவெட்டியால் சற்றுத் தள்ளி வெட்டி, மிஞ்சிய முனையை மண்கடதாசியால் தேயுங்கள்.

சட்டை தைக்கும்போது முதலில் நூலோடிப் பார்த்துவிட்டுத்தானே மெஷினில் வைப்பீர்கள்? இங்கேயும் அப்படித்தான். பசை பூசாமல் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, பொருந்தினால் மட்டுமே ஒட்ட வேண்டும். இந்தப் பசை பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்குவது. கொஞ்சம் கூடினாலும் துண்டு பாழாகிவிடும். அதன் வாடை நல்லதல்ல, எளிதில் தீப்பற்றவும் கூடும். யன்னலைத் திறந்து வையுங்கள், சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். ஒட்டிய பாகங்கள் காயும்வரை இறப்பர் வளையமோ உடுப்புக் காயப்போடும் கிளிப்போ போட்டு வைக்கலாம். கண்ணாடி போன்ற தெளிவான துண்டுகளுக்கு இந்தப் பசை ஆகாது, அவை மங்கிவிடும். அவற்றுக்குப் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளைப் பசையே போதும்.

உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன் உட்புறத்துக்கு நிறம் பூசிவிட வேண்டும். மூடிய பிறகு தூரிகை போகாது. மூடியதும் மூட்டில் தெரியும் கோட்டைப் பூச்சுக்களியால் அடைத்து, காய்ந்தபின் நீர்க் கடதாசியால் மழமழவென்று தேய்க்க வேண்டும். அதன்பின் மேற்புறத்துக்குக் கரும்பச்சையும் மண்ணிறமும் பூசுங்கள். ஆகாயத்திலிருந்து பார்ப்பவருக்கு நிலமும் விமானமும் ஒன்றாகத் தெரிவதற்காகப் போட்ட நிறங்கள் இவை.

இனி நுணுக்க வேலைகள். மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே சட்டத்தின் மீதித் துண்டைப் பிடித்து, இளகியதும் மெதுவாக இழுத்தால் தலைமயிர் போன்ற நூல் வரும். அதுதான் வானொலிக் கம்பி. (இதைப் பெரியவர்களே செய்ய வேண்டும். பசைப் போத்தலைத் தூரத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.) இயந்திரங்களின் முன்புறத்தில் புகையைச் சேர்க்கும் ஒரு வளையம் உண்டு. சூட்டில் வெந்த உலோகம் அது, ஆகவே செம்பும் கபிலமும் கலந்து பூசுங்கள். பென்சில் கூரைத் தேய்த்த தூளை விரலால் தடவினால் புகைக்கறை வந்துவிடும்.

மூக்கு ஏன் கோணல்?

இந்த விமானத்தின் மூக்கை மகன் உற்றுப் பார்த்தால், "உம்மா, இது பிழையாக வார்த்திருக்கிறார்கள், ஒரு பக்கம் பள்ளமாக இருக்கிறது" என்பான். பிழையல்ல! மூக்கை நீட்டியபோது, இறங்கும் நேரத்தில் விமானிக்கு ஓடுபாதை மறைந்தது. அவர் இருப்பது இடப்பக்கம். ஆகவே அந்தப் பக்கத்தைப் பள்ளமாக்கினார்கள். அந்தக் கோணல் ஒரு மனிதருடைய கண்ணுக்காக உண்டானது.

அப்போது மகன் கேட்பான்: "அப்படியென்றால் உள்ளே யார் இருந்தார்கள்?"

மூன்று பேர். ஒருவர் விமானி. மூக்கில் அமர்ந்து வழியும் குறியும் பார்ப்பவர் ஒருவர். முதுகிலுள்ள கண்ணாடிக் கூண்டில் வானொலியும் துப்பாக்கியும் கவனிப்பவர் ஒருவர். இந்தக் கட்டத்தில் நான் சொல்லாமல் வைத்ததைச் சொல்லிக் கொடுங்கள்.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின், 9ஆம் திகதி, திருகோணமலையைத் தாக்கின. அன்று பிரித்தானிய விமானப்படையின் 11ஆம் அணியைச் சேர்ந்த பிளென்ஹைம் விமானங்கள் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து புறப்பட்டன. ஆம், இன்று கடைகளும் விளையாட்டு மைதானமுமாக இருக்கும் அதே ரேஸ் கோர்ஸ்தான். யுத்த காலத்தில் அது விமானத் தளமாக இருந்தது. துணைக்குச் சண்டை விமானம் ஒன்றுகூட இல்லாமல், ஒன்பது விமானங்கள் நடுக்கடலில் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு குண்டு வீசின. குண்டுகள் 'அகாகி' என்ற விமானந்தாங்கிக் கப்பலின் அருகே விழுந்தன. ஒன்றும் படவில்லை. ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பி வரவில்லை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மீஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன.

ஐந்து விமானங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர். எத்தனை பேர் என்று மகனே கணக்கிடட்டும். அந்தக் குண்டுகள் பட்டிருந்தால் எதிர்ப்பக்கத்திலும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுக்கும் உம்மாமார் இருந்தார்கள்.

பெட்டியின் மூடியில் நெருப்பும் புகையும் மட்டுமே இருக்கும். ஓர் அங்குல மனிதர் மூவரை அவரவர் ஆசனத்தில் தன் கையால் அமர்த்திய பிள்ளைக்கு அது வெறும் நெருப்பாகத் தெரியாது. ஆகவே, பெட்டியை ஒளித்துவைக்காதீர்கள். மகனோடு மேசையில் அமர்ந்து கொள்ளுங்கள். விமானம் முடிந்ததும் அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கு அதன் கதையை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவன் எத்தனை விமானம் விழுந்தது என்று தொடங்குகிறானா, எத்தனை பேர் திரும்பவில்லை என்று தொடங்குகிறானா என்பதைக் கவனியுங்கள். இரண்டாவதாக இருந்தால், உங்கள் வீட்டுக்குள் வந்தது யுத்தம் அல்ல என்று நீங்கள் நிம்மதி அடையலாம்.