பிளஸ் டூ தொழிற்பிரிவும் பாலிடெக்னிக்கும்: பேசிக்கொள்ளாத பாடத்திட்டங்கள்

பிளஸ் டூவில் அடிப்படை இயந்திரவியல் பிரிவு எடுத்த மாணவர், பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐயில் இரண்டாண்டு ஃபிட்டரோ டர்னரோ முடித்தவருக்கும் இந்த வாய்ப்பு உண்டு. டிப்ளமோ கையில் வந்ததும் பொறியியல் கல்லூரியிலும் நேரடி இரண்டாம் ஆண்டுதான். ஆக, லேத்தின் முன் நின்று படிப்பைத் தொடங்கிய பிள்ளை பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்த ஐந்தே ஆண்டுகளில் பொறியியல் பட்டதாரி ஆகிவிட முடியும். எத்தனையோ குடும்பங்களுக்கு இது தெரியாது.

தெரிந்து சேர்ந்தவர்களுக்கு வேறு சிக்கல். டிப்ளமோ முதலாண்டில்தான் பொறியியல் கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் அடித்தளம் போடுகிறார்கள். நேரடியாக வருபவர் அந்த ஆண்டைத் தாண்டி வந்துவிடுகிறார். அடுத்த பருவத்துப் பாடங்களோ அந்தக் கணிதத்தைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. ஒர்க்‌ஷாப்பில் நிலைமை தலைகீழ். ஐடிஐயில் கைதேர்ந்த லேத் வேலையை, புதிதாகக் கற்பவர்களோடு சேர்ந்து மீண்டும் முதலிலிருந்து செய்கிறார். தெரியாததைச் சொல்லித் தர ஏற்பாடு இல்லை, தெரிந்ததற்கு மதிப்பும் இல்லை.

காரணம் நிர்வாகத்தில் இருக்கிறது. பிளஸ் டூ தொழிற்பிரிவு பள்ளிக் கல்வித் துறையிடம். பாலிடெக்னிக், உயர்கல்வித் துறையின் கீழுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்திடம். ஐடிஐயோ வேலைவாய்ப்பு, பயிற்சித் துறையிடம். மூன்றுக்கும் பாடத்திட்டம் தனித்தனியே வகுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ முறை வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. 1986 தேசியக் கல்விக் கொள்கை, 1995க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் தொழிற்கல்வி பயில வேண்டும் என்றது. நாடு அந்த இலக்கின் அருகில்கூடப் போகவில்லை. மேலே படிக்க வழி தெளிவாக இல்லாத பிரிவில் பிள்ளையைச் சேர்க்க எந்தப் பெற்றோர் முன்வருவார்?

அமெரிக்காவில் இதே குறையைக் கண்டு கல்வியாளர் டேல் பார்னெல் 1985இல் ஒரு யோசனை சொன்னார்: பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளையும் சமுதாயக் கல்லூரியின் இரண்டு ஆண்டுகளையும் ஒரே நான்காண்டுப் பாடத்திட்டமாக இணைப்பது. 1990ஆம் ஆண்டு பெர்கின்ஸ் தொழிற்கல்விச் சட்டம் இதற்குக் கூட்டரசு நிதி தந்தது. 2011இல் அந்த நிதி நின்றது. இத்திட்டத்தின் கீழ், எந்தப் பள்ளிப் பாடத்துக்குக் கல்லூரியில் எவ்வளவு மதிப்பு என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்படியும், பள்ளியில் ஈட்டிய மதிப்பைக் கல்லூரியில் கேட்டுப் பெறாத மாணவர்கள் அங்கே ஏராளம். ஒப்பந்தம் போட்டால் மட்டும் போதாது, அதை மாணவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

இங்கேயும் முடியாத காரியமல்ல. ஐடிஐ முடித்தவர்கள் மொழித்தாள்களில் தேறினால் பத்தாம் வகுப்புக்கோ பிளஸ் டூவுக்கோ இணையான சான்று பெற தமிழக அரசு 2022இல் வழிசெய்தது. துறைகள் கைகோத்ததால் நடந்த நல்ல காரியம் அது. அடுத்து வேண்டியவை இரண்டு. நேரடி இரண்டாம் ஆண்டு மாணவருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே கணிதத்துக்கு இணைப்புப் பாடம். பள்ளி, ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒவ்வொரு தொழிலுக்கும் வகுக்கும் பொதுப் பாடத்திட்டம். இவற்றைவிட முக்கியமாக, தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஆசிரியர் இல்லாத பள்ளியில் பிரிவே மூடப்படுகிறது.

பிளஸ் டூ முடிவுகள் வரும் வாரத்திலேயே நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கை பற்றித் தலைமையாசிரியர்கள் தங்கள் தொழிற்பிரிவு மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பெற்றோரும் பள்ளியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.