மிஞ்சும் வேகத்தை எங்கே வைப்பது?

ஓடும் வண்டியை நிறுத்துகையில் அதன் வேகம் எங்கே போகிறது? சைக்கிளைச் சரிவில் பிரேக் பிடித்து இறக்கியபின் பிரேக் கட்டையைத் தொட்டுப் பார்த்தவர் அறிவர், அது சூடேறியிருக்கும். வேகம் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அவ்வாறு வீணாவதில் ஒரு பங்கை மின்சாரமாக்கிச் சேமித்து, மீண்டும் வண்டியை உந்தச் செய்வதே ஹைபிரிட் கார்களின் நுட்பம். பார்முலா 1 பந்தயங்களில் இம்முறை 2009-இல் புகுந்தது.

வாசகர்களே, இங்குள்ள இடர்ப்பாடு பற்றாக்குறையன்று, மிகுதியே! 2014-ஆம் ஆண்டு விதிப்படி காரின் குறைந்தபட்ச எடை, ஓட்டுநர் உட்பட, 691 கிலோ. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் ஆற்றலைச் சுமந்து செல்லும். நம் வீட்டு மின்கணக்கில் சொல்வதாயின், ஒரு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. வளைவுக்கு முன் வேகத்தை 100 கி.மீ.க்குக் குறைக்க வேண்டுமாயின், அதில் ஒன்பதில் எட்டுப் பங்கை ஓரிரு நொடிகளில் இறக்கி வைத்தாக வேண்டும். காற்றின் தடை கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மோட்டாரோ 120 கிலோவாட்டுக்கு மேல் ஏற்கலாகாது. இரண்டு நொடிகளில் 2.4 லட்சம் ஜூல்தான். எஞ்சியதைக் கார்பன் பிரேக் தட்டுகளே தாங்கித் தணலாய்ச் சிவக்கின்றன.

மின்கலம் நிரம்பிவிட்டாலோ, அந்தச் சிறு பங்கையும் வாங்க இடமிராது. ஆகவே அடுத்த வளைவு வருமுன் நேர்ப்பாதையிலேயே சேமிப்பைச் செலவிட்டு இடம் ஒழித்து வைக்கிறார்கள். விரைவாக வாங்கி விரைவாகக் கொடுக்கும் பாத்திரத்தைத் தேடியவர்களும் உண்டு. 2012-இல் லே மான் 24 மணிப் பந்தயத்தில் வென்ற ஆடி கார், மின்கலத்துக்குப் பதிலாக நிமிடத்துக்கு 45,000 சுற்று வரை சுழலும் சக்கரமொன்றில் ஆற்றலைத் தேக்கியது. டொயோட்டா மின்தேக்கியை நம்பியது. பின்னர் 2015 முதல் 2017 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து வென்ற போர்ஷே, லித்தியம் மின்கலத்தையே கைக்கொண்டது.

வாங்குபவன் திடீரென வாங்க மறுத்தால் என்னவாகும் என்பதை 2014 ஜூன் 8 அன்று கனடாவின் மாண்ட்ரியால் நகரம் கண்டது. முன்னணியில் சென்ற மெர்சிடிஸ் கார்கள் இரண்டிலும் மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவி வெப்பத்தால் செயலிழந்தது. மோட்டாரின் உந்துவிசை போயிற்று. அது மட்டுமன்று, அது தாங்கிவந்த பளுவும் பின்சக்கர பிரேக்குகளின் தலையில் விழுந்தது. மோட்டாரின் துணையை நம்பியே அமைக்கப்பட்டவை அவை. ஹாமில்டனின் பிரேக் தோற்றது. அவர் விலக நேர்ந்தது. ரோஸ்பெர்க் அதே ஊனத்தோடு நிதானமாய் ஓட்டி இரண்டாமிடம் பெற்றார். அன்று வென்ற ரிக்கியார்டோவைவிட அவரது ஓட்டமே என்னை வியக்கவைத்தது.

2026 விதிகள் மோட்டாரின் வலிமையை 350 கிலோவாட்டாக உயர்த்தியுள்ளன. அதே இரண்டு நொடிகளில் அது இனி 7 லட்சம் ஜூல் வரை வாங்கிக்கொள்ளும்; மிச்சத்துக்குப் பிரேக் தட்டுகள்தாம்.